சாமி, கல்யாணம், சாவு

அரூர் பேருந்து நிலையத்தில் சுருட்டிய சார்ட் பேப்பரும் முதுகுப் பையுமாக நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் டீக்கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “சர்வேயா, காலேஜா?” என்று மட்டும் கேட்டார். காலேஜ் என்றதும் டீயை ஆற்றிக்கொண்டே, “அப்போ மலைக்குத்தான்” என்று அவரே முடித்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து மொரப்பூர் வரை ரயில், அங்கிருந்து அரூருக்குப் பேருந்து. நான் ஒட்டிக்கொண்டு வந்த கூட்டம் மானிடவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களும் அவர்களுடைய பேராசிரியரும். இலக்கியமோ கணக்கோ படிக்கிறவர்கள் நூலகத்திலும் வகுப்பிலும் உட்கார்ந்தே பட்டம் வாங்கிவிடலாம். மானிடவியலில் அது நடக்காது. முன்பின் தெரியாத ஊரில் போய்த் தங்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அவர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டு, அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கும் பதில் சொல்லி, கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கொடுத்தால்தான் படிப்பு முடியும். அந்தக் களப்பணிக்காகத்தான் சித்தேரி மலை.

இந்தப் படிப்புக்கு இந்தியாவில் நூறு வயது தாண்டிவிட்டது. 1920இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதுகலை மானிடவியல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அங்கே போய்ப் பாடம் நடத்தியவர் பாலக்காட்டுக்காரரான எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் துறை வந்தது 1945இல். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே எழும்பூர் அருங்காட்சியகத்தில் இந்த வித்தை நடந்துகொண்டிருந்தது. 1885 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களை நிறுத்தி வைத்துத் தலையின் நீள அகலத்தையும் மூக்கின் அளவையும் கருவியால் அளந்து, மனிதர்களை வகை பிரித்தார். போலீஸ்காரர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ ஏழு தொகுதிகளில் இந்த மலைக்காரர்களைப் பற்றியும் பக்கங்கள் உண்டு. அந்தப் புத்தகத்தை மலைமேலேயே பார்க்கப்போகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை.

மாணவர்கள் இந்தப் படிப்புக்கு வந்த காரணங்கள் பலவிதம். வேறு துறையில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் உண்டு. தன் தெருவின் கதையை எழுத வேண்டும் என்று வந்த திருத்துறைப்பூண்டிப் பெண் ஒருத்தி. இன்னொரு பையன் ஒளிக்காமல் சொன்னான்: “ஐஏஎஸ் பரீட்சைக்கு ஆந்த்ரபாலஜி நல்ல ஆப்ஷனல் சார். அதுக்குத்தான் சேர்ந்தேன்.” தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பலர் இதையே விருப்பப் பாடமாக எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். அவன் அப்படிச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் எங்களை நேரே மலைக்கு ஏற்றவில்லை. முதலில் வாச்சாத்தி. கரும்பும் குச்சிக்கிழங்கும் விளைகிற சமவெளி முடிந்து சித்தேரி மலை எழும்புகிற அடிவாரத்தில் ஊர். “இங்க யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. ஏற்கெனவே எல்லாரும் கேட்டுட்டாங்க” என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடு மாடுகள் பறிபோயின, கிணறு பாழாக்கப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அதிகாரி பாமதி நேரில் வந்து விசாரித்து எழுதிய அறிக்கை வேறு மாதிரி சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின, வழக்கு சிபிஐ வசம் போனது. 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டை எடுத்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் இந்த ஊருக்கே வந்து நடந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார்.

ஊர்க் கடையில் டீ குடித்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது பேராசிரியர் வகுப்பெடுக்கும் குரல் இல்லாமல் பேசினார். “நம்ம படிப்போட மொத்த பலமும் ஒரே வரிதான். நான் அங்க போனேன், தங்கினேன், பார்த்தேன். அந்த வரிக்காகத்தான் நம்ம எழுத்தை நம்புறாங்க. அந்த ஊர்ப் பெண்கள் அங்கேயே பிறந்தவங்க, அங்கேயே இருந்தவங்க, அவங்க உடம்புலயே நடந்தது. அவங்க சொன்னதை நம்ப 19 வருஷம் ஆச்சு. நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.”

மலைப்பாதை மூங்கிலும் கருங்கல்லுமாக வளைந்து வளைந்து ஏறுகிறது. மழைக்காலத்தில் பாறை உருண்டு வழி அடைபடுவது இங்கே வழக்கம். சித்தேரி ஊராட்சியின் கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்களுக்கு நல்ல சாலை இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே போகப் போகச் சாமையும் கேழ்வரகும் குச்சிக்கிழங்கும், இடையிடையே பலாவும் புளியும். ஓட்டு வீடுகளுக்கு நடுவே அரசு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள்.

நாங்கள் தங்கிய ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆய்வு செய்த ஊருக்கும் பேசிய ஆட்களுக்கும் மாற்றுப் பெயர் வைப்பது மானிடவியலில் மரபு. பேசியவர்களுக்குப் பின்னால் தொல்லை வரக் கூடாது என்பதற்காக. வாச்சாத்தியைப் பார்த்த பிறகு அந்த மரபின் நியாயம் எனக்குப் பாடம் எடுக்காமலே புரிந்தது.

இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி என்று கிழக்கு மலைத்தொடர் நெடுகப் பரவியிருக்கும் தமிழ் பேசும் மலைக்குடிகள். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பூர்வ கதை எல்லா மலையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் கிளம்பினார்கள், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், அங்கங்கே பெண் கட்டிப் பெருகினார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பதில் மட்டும் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

திருத்துறைப்பூண்டிப் பெண் தங்கிய வீட்டில் முதல் நாள் இரவே அவளுக்குப் பாடம் நடந்துவிட்டது. கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரை அவள் மரியாதைக்கு “அண்ணா” என்றாள். உடனே திண்ணையிலிருந்த பாட்டி கணக்கைத் தொடங்கினாள். “இவன் உனக்கு அண்ணன்னா, அவ உனக்கு அண்ணி. அப்ப இவன் உனக்கு யாரு?” என்று அண்ணியின் தம்பியைக் காட்டினாள். நான்காம் வகுப்புப் பையன். “முறை மாப்பிள்ளை!” என்று வீடே சிரித்தது. பையன் எழுந்து வெளியே ஓடிவிட்டான்.

பேராசிரியர் மறுநாள் இதைக் கேட்டுவிட்டு, “ஒரு செமஸ்டர் மிச்சம்” என்றார். நாம் யோசிக்காமல் வாழ்கிற இந்த முறைக்கு உலக மானிடவியலில் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன், தன் பக்கத்துச் செனெக்கா பழங்குடிகள் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதைக் கண்டு வியந்தவர். தென்னிந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு மிஷனரியிடம் விசாரித்தபோது, தமிழர்களும் பெரியப்பா, சித்தப்பா என்று அதே ஒழுங்கில்தான் உறவைப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. 1871இல் அவர் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில் தமிழ் உறவுகளுக்கு முக்கிய இடம். பிற்பாடு பிரான்ஸிலிருந்து வந்த லூயி துய்மோன் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்து 1957இல் நூலாக்கினார். தாமஸ் டிரவுட்மன் 1981இல் திராவிட உறவுமுறைக்கே தனி நூல் எழுதினார். அவ்வளவு பேரும் பக்கம் பக்கமாக விளக்கியதைப் பாட்டி ஒரு குழம்புக் கரண்டி நேரத்தில் விளக்கிவிட்டாள். ஒருவரை அண்ணன் என்று அழைத்த மறுகணமே ஊர் முழுதும் பங்காளி, மாமன் மச்சான் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வெளியூர்ப் பெண்ணும் அதில் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும்.

மாணவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் ஊரின் வரைபடம். எந்த வீடு எங்கே, கோயில், குழாய், ரேஷன் கடை, சுடுகாடு எங்கே. பிறகு வீட்டுக் கணக்கெடுப்பு. அப்புறம்தான் வம்சாவளி. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. வம்சாவளியைக் குறுக்குக் கேள்வி போட்டுத் துல்லியமாக எடுக்கும் முறையை வகுத்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1901–02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் அந்த முறையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி சேகரித்தார். 1906இல் அது நூலானது. ஆக, இந்தப் பையன்கள் சார்ட் பேப்பரை விரித்துச் செய்வது நம் மாநிலத்து மலையிலேயே பழகிய முறைதான்.

இடைஞ்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. எந்தக் களப்பணிக் கையேட்டிலும் இருக்கிற கேள்விகளோடு மாணவர்கள் ஒரு வீட்டுக்குப் போனார்கள். குலசாமி எது, கல்யாணத்துக்குப் பரியம் கொடுப்பதுண்டா, தாலி யார் எடுத்துக் கொடுப்பார்கள், இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா, காரியம் எத்தனையாம் நாள். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மகள், சேலத்தில் கல்லூரியில் படிக்கிறவள், குறுக்கே கேட்டாள்.

“ஏங்க்கா, இதையெல்லாம் நீங்க எழுதி எங்க குடுப்பீங்க?”

“பல்கலைக்கழகத்துக்கு. படிப்புக்கு.”

“எஸ்டி சர்ட்டிபிகேட்டுக்கு விசாரணை வந்தப்பவும் இதேதான் கேட்டாங்க. சாமி, கல்யாணம், சாவு. அப்பா ஒண்ணு மாத்திச் சொல்லிட்டா என்னா ஆகும்னு அன்னிக்கு முழுக்க பயம். இப்ப நீங்க எழுதுறதும் நாங்க அன்னிக்குச் சொன்னதும் வேற வேறயா இருந்தா?”

அறையில் யாரும் பேசவில்லை. ஐஏஎஸ் ஆசைக்காரப் பையன் பேனாவை மூடினான்.

அந்தப் பெண் கேட்டதில் ஒரு மிகையும் இல்லை. ஒருவர் பழங்குடியா இல்லையா என்பதை நிர்ணயிக்க அரசு கையில் எடுத்த அளவுகோல்கள் மானிடவியல் புத்தகத்திலிருந்து வந்தவை. 1965இல் லோகூர் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது. தொன்மையான கூறுகள், தனித்த பண்பாடு, தனித்து ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்க 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையை வகுத்தது. சான்றிதழ் கேட்பவரின் சமூகத்துத் தெய்வம், சடங்கு, வழக்கம், கல்யாண முறை, சாவுச் சடங்கு, பிணத்தைப் புதைக்கும் முறை ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ. சந்தேகம் வந்தால் போகிற மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவில் மானிடவியலாளர் ஒருவரும் உறுப்பினர். ஆகவே இந்த மலையில் மானிடவியல் என்பது யாரோ சென்னையில் படிக்கிற பாடம் கிடையாது. மகளுக்குக் கல்லூரி இடம், மகனுக்கு வேலை, விடுதி, உதவித்தொகை எல்லாமே அந்தப் பாடத்தின் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வதில் இருக்கிறது.

கூச்சம் என்ற அடையாளத்தைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். “அப்ப நான் உங்ககிட்ட இவ்ளோ பேசினதே தப்பா?” என்றாள். ஒதுங்கிய இருப்பிடமும் அப்படித்தான். மலையில் வேலையில்லாத மாதங்களில் ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7இல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதில் சித்தேரி மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கூலிக்காக மாநிலம் தாண்டிப் போய்ச் சாகிறவர்களிடம், நீ ஒதுங்கி வாழ்கிறாயா என்று கேட்கிறது விதிமுறை.

பட்டியலின் விசித்திரம் அதோடு நிற்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்கள் உள்ளன. தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. அதில் பழைய கோவை மாவட்டம் இல்லை. அதனால் அதிலிருந்து பிரிந்த ஈரோட்டில், பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதே தருமபுரிச் சமவெளியில் குரும்பர்களின் கதை இன்னொரு விதம். பட்டியலில் ‘குருமன்ஸ்’ என்று ஒரு பெயர் உண்டு. அது நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய கோயில் விழாவில் பூசாரி பக்தர்களின் தலையில் தேங்காய் உடைப்பார். வெளியாருக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையான தங்கள் வழக்கத்துக்குச் சாட்சி.

அன்று மாலை, ஊரில் இன்னொரு இளைஞர் தன் கைபேசியை நீட்டினார். திரையில் தர்ஸ்டனின் நான்காம் தொகுதி. பழைய புத்தகங்களை வலையேற்றும் தளத்திலிருந்து இறக்கியிருக்கிறார். “இதுல எங்களைக் காஞ்சிபுரத்துல இருந்து வந்த தமிழ் விவசாயிங்கன்னு எழுதியிருக்காரு. எங்க தாத்தா சொன்ன கதையத்தான் எழுதியிருக்காரு, பொய்யில்ல. ஆனா இதை யாராவது எடுத்துக் காட்டி, அப்ப நீங்க பழங்குடியே இல்லன்னு சொன்னா?” மூக்களந்த துரையின் புத்தகத்தை அளக்கப்பட்டவர்களின் பேரன் வரி வரியாகப் படித்து, அதில் தனக்கு ஆபத்து எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரக் கதையைத் தாத்தா பெருமையாகச் சொன்னார். பேரன் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். எழுதிப் போனவர் திரும்பி வரவில்லை. எழுதப்பட்டது மட்டும் மலையேறி வந்துவிட்டது.

சில நாட்கள் கழித்து, மாணவர்கள் எழுதட்டும் என்று அவர்களை மேலே விட்டுவிட்டுப் பேராசிரியரும் நானும் இறங்கி, கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கி போனோம். ஒரு பக்கம் சித்தேரி மலை, மறுபக்கம் கல்வராயன், நடுவே பள்ளத்தாக்கு. இங்கே மலையாளிகளும் லம்பாடிகளும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். லம்பாடிகள் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பழங்குடிகள், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டில் இரண்டிலும் இல்லை. நான்கு மாநிலத்திலும் அதே கண்ணாடி பதித்த பாவாடை, அதே மொழி.

1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். கூரைக் கொட்டகையில் மருத்துவமனை. அப்போது இங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள், அவர்கள்தான் வீட்டுக்கு வீடு போனார்கள். குழந்தை இறப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. பின்னாளில் இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. மறந்துபோகவிருந்த லம்பாடித் தையலை எடுத்து நிறுத்திய ‘போர்கை’ என்ற பெண்களின் கைவினை அமைப்பு வந்தது. இவர்கள் மானிடவியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் மாணவர்களுக்குப் பேராசிரியர் ஏன் இந்த இடத்தை உதாரணமாகச் சொல்கிறார் என்பது போனதும் தெரிந்தது. வந்தார்கள், கேட்டார்கள், திரும்பிப் போகவில்லை. எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது என்று அவர்களும் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கணக்கால் பலன் யாருக்கு என்று கணக்குக் கொடுத்த தாய்க்குத் தெரியும்.

1985இல் இந்திய மானிடவியல் ஆய்வகம் கே. எஸ். சிங் தலைமையில் நாடு முழுவதையும் தழுவிய ‘இந்திய மக்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. 4,635 சமூகங்களை அது பதிவு செய்தது. அந்தப் பெரிய தொகுதிகளைத் தங்கள் ஊரில் கண்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று பேருந்தில் வரும்போது பேராசிரியரிடம் கேட்டேன். “நம்ம ஊர்ல மட்டும் என்ன, என் மாணவர்களோட அறிக்கையையே எந்த ஊர்ல வெச்சிருக்கோம்?” என்றார்.

மேலே திரும்பியபோது வேறொரு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டிப் பெண் எடுத்த வம்சாவளி ஆறு தலைமுறைக்கு நீண்டு, சார்ட் பேப்பர்களை ஒட்டி ஒட்டித் திண்ணை முழுதும் விரிந்து கிடந்தது. கேள்வி கேட்ட கல்லூரிப் பெண்தான் இப்போது அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு முக்கோணத்தையும் வட்டத்தையும் காட்டிப் பாட்டியிடம் கேட்கிறாள். “இந்தப் பெரியப்பா பையன் வேலைக்குப் போனாரே, அவருகிட்ட சர்ட்டிபிகேட் இருக்கா? எந்த வருஷம் வாங்கினது?” இருக்கிறது என்றால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, ஆண்டு தெரிந்தால் ஆண்டு.

அவள் கணக்குச் சரி. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு மகாராஷ்டிர வழக்கில், சாமியும் சடங்கும் கேட்டு நடத்துகிற பண்பாட்டுச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரின் பழங்குடித் தகுதியை முடிவுசெய்துவிட முடியாது என்றது. நகரத்துக்குப் போனவர்கள் பழைய வழக்கங்களை விட்டிருக்கலாம், அதற்காக அவர்கள் பழங்குடி இல்லாமல் போய்விட மாட்டார்கள் என்பது அதன் பொருள். இரத்த உறவினரின் பழைய ஆவணங்களுக்குத்தான் எடை அதிகம். அந்த உறவினர் யார், எந்த வழியில் உறவு, எந்த ஊரில் இருக்கிறார் என்பதைத்தான் விரித்த அந்தத் தாள் காட்டிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் தோடர்களிடம் பழக்கிய முறை, நூற்றிருபது வருஷம் கழித்துச் சித்தேரியில் ஒரு மலையாளிப் பெண்ணின் கைக்கு மாறியிருந்தது.

ஐஏஎஸ் பையன் அவளுக்கு உதவியாக ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “அண்ணா, நாளைக்கு நீங்க பாஸ் பண்ணி அரூருக்கே ஆர்டிஓவா வந்தா, நான் என் பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட் கேட்டு வருவேன். அப்பவும் சாமி பேரு கேப்பீங்களா?”

“நீங்க இந்தத் தாளைக் கொண்டு வாங்க” என்றான். தேர்வெழுதப் பயன்படும் என்று எடுத்த பாடத்தை அவன் அன்றைக்குத்தான் படிக்கத் தொடங்கினான் என்று எனக்குத் தோன்றியது.

கிளம்புவதற்கு முன் ஊர்க்கவுண்டரும் பேராசிரியரும் பேசி இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். சாமி, சடங்கு பற்றி எழுதிய பகுதிகளை அறிக்கையாக்கும் முன் ஊரில் படித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று ஊர் சொல்வதை எடுத்துவிட வேண்டும். வம்சாவளித் தாளைத் தமிழில் நகலெடுத்து ஊரிலேயே வைக்க வேண்டும். இரண்டுக்கும் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் கிடையாது. நகலெடுக்கும் வேலை அன்றே தொடங்கியது. பாட்டி மட்டும் ஒரு திருத்தம் சொன்னாள்: இளவயதில் இறந்துபோன தன் தங்கையை யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் ஒரு வட்டம் போட வேண்டும். போட்டார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி, கட்டப்பட்டு, துறை நூலக அலமாரிக்குப் போகும். வம்சாவளித் தாள் மலையில் இருக்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளைப் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்க்கிற வீடுகள் அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கும், புதுப் புள்ளிகள் சேரும். மானிடவியல் பட்டத்துக்கு எழுதியவற்றில் அதிகம் படிக்கப்படப்போவது அந்தத் தாள்தான்.